மெத்தை சுமந்தவள்

என் மருமகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபத்தில் பேனா தாளைக் கிழித்துவிடுகிறது. இது எத்தனையாவது தாள் என்று எனக்கே தெரியவில்லை. நான் படித்தது நான்காம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. பெயின்ட் டப்பாவுக்குத் தகர மூடி அடிக்கிற பட்டறையை ஒரே ஒரு கைப்பிரஸ்ஸோடு ஆரம்பித்தவன் நான். இன்று எட்டு மெஷின் ஓடுகிறது. இந்த வட்டாரத்தில் எந்தச் சுவரில் பெயின்ட் மின்னினாலும் அது என் மூடியைத் திறந்துதான் வெளியே வந்திருக்கும். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது என்பார்கள். நான் சொல்லாவிட்டால் எதிர்க்கடைக்காரனா வந்து சொல்லப் போகிறான்?

ஆனால் உண்மையைச் சொன்னால், இப்போது பட்டறையை நடத்துவது என் மருமகள்தான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தம் போடுவதோடு சரி. மூடி அடித்து வருகிற பெட்டிகளை அடுக்குகிற வேலைக்குத்தான் அவள் முதலில் வந்தாள். ஒருநாள் அச்சு மாட்டுகிறவன் குடித்துவிட்டு வராமல் போனான். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மெஷினுக்குள் குனிந்தாள். மதியத்துக்குள் மூடி விழ ஆரம்பித்தது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இந்தப் பெண் இன்னொருவன் பட்டறைக்குப் போகக் கூடாது என்று. எனக்கு ஒரே பையன். வண்டி ஓட்டுவான், அதிர்ந்து பேசமாட்டான், கணக்கில் பூஜ்யம். அவனுக்கு இவளைக் கேட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் தகரத்துக்கு அடுத்தபடி இதுதான் நல்ல முடிவு.

கேட்டபோது அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. "முதலாளி, ஒரு விஷயம் இருக்கு. நான் பன்னெண்டு பதிமூணு வயசு வரைக்கும் படுக்கையை நனைச்சவ. சொல்லாம கட்டிக்கிட்டா நாளைக்கு எவளாவது உங்க காதுல ஓதுவா" என்றாள்.

நான் சொன்னேன், "என் பையன் இப்பவும் குறட்டை விட்டு எதிர்வீட்டை எழுப்புறான். அதை நான் உன்கிட்ட சொல்லாமலா இருக்கப் போறேன்?"

சிரித்தாள். பிறகு மற்றதையும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இந்தக் கோபம்.

அவள் தங்கிப் படித்தது ஒரு விடுதியில். நன்றாகப் படிக்கிற பெண் என்று ஏழாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே விடுதிக் காப்பாளர் என்று ஒரு பெண்மணி. பெண்மணி என்று எழுதுவது என் மரியாதை, அவளுக்குத் தகுதி அல்ல. காலையில் ஈரம் என்று தெரிந்தால், அந்த மெத்தையை அந்தப் பிள்ளையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னல் பக்கமாக நடந்துபோய் மைதானத்தில் காயப் போட வேண்டும். ஜன்னல் பக்கம் போகாமல் சுற்றிப் போகவும் ஒரு வழி இருந்ததாம். அந்த வழியில் போகக் கூடாதாம். உள்ளே தட்டோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் ஒரே குரலில் "மழை வருது, மழை வருது" என்று கத்துவார்களாம். வெட்கப்பட்டால் நின்றுவிடும் என்பது அந்த அம்மாளின் வைத்தியம். வெட்கத்தால் ஒரு நோய் தீரும் என்றால், என் பட்டறைக்குக் கெட்ட தகரம் அனுப்பிய அத்தனை வியாபாரிக்கும் எப்போதோ குணமாகியிருக்கும்.

கடைசியில், "இந்த மெத்தை இனி வேற யாருக்கும் ஆகாது, நீயே எடுத்துட்டுப் போ" என்று மெத்தையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் தலையில் மெத்தையோடு நடந்திருக்கிறாள். கடை வாசல்களில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அப்பா அடித்தார். அதோடு படிப்பு முடிந்தது. அடுத்த வருஷமே நனைப்பது தானாக நின்றுபோனது. "அது நின்னுடுச்சு, பள்ளிக்கூடமும் நின்னுடுச்சு" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

சரி, அது பழைய கதை என்றால் நான் ஏன் எழுத வேண்டும்? அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. என் பேத்தி. வாயாடி, என்னைப் போல. ஒன்பது வயதாகியும் வாரத்தில் பாதி நாளுக்கு மேல் படுக்கை ஈரம்.

என் அக்கா ஒருத்தி இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் காலைச் செருப்பிலிருந்து எடுப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவாள். "அம்மா எப்படியோ பொண்ணு அப்படி. ரத்தத்துல இருக்கு" என்றாள், மருமகள் காதில் விழும்படி.

"அக்கா, உன் ரத்தத்துல இருக்குற விஷத்துக்கு முதல்ல வைத்தியம் பார்ப்போம்" என்றேன்.

"உனக்கு நல்லது சொன்னா பிடிக்காதேடா. மதியத்துக்கு மேல தண்ணியை நிறுத்து. உள்ள போனாத்தானே வெளிய வரும்?"

இது என் வீட்டுக்காரிக்கு நியாயமாகப் பட்டுவிட்டது. மருமகள் பட்டறையில் இருக்கிற நேரம் பார்த்து, பள்ளிவிட்டு வருகிற பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள் இருவரும். பிள்ளைக்கு உதடு வெடித்தது, தலை வலித்தது, வயிறு கல்லானது, ஈரம் மட்டும் நிற்கவில்லை. பிறகு என் அக்காவே எங்கிருந்தோ ஒரு வேர்ப்பொடிக்காரனைப் பிடித்து வந்தாள். பொடி சாப்பிட்ட பிள்ளை வாந்தி எடுத்தது. அவன் கடைக்குப் போய் அந்த டப்பாவை அவன் மேஜையில் கவிழ்த்து, "நீயே தின்னு, உனக்கு என்ன நிக்குதுன்னு பார்க்கிறேன்" என்று கத்திவிட்டு வந்தேன். அதில் எனக்கு இன்றும் திருப்தி.

அந்த நேரத்தில்தான் பள்ளியில் முகாம் என்று அறிவித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஏரிக்கரையில் ஐந்து நாள் தங்கல். கூடாரம், படகு ஓட்டப் பழக்குவது, இப்படியெல்லாம். பேத்தி படகு படகு என்று ஒரு வாரம் வீட்டையே கலக்கினாள். பிறகு ஒருநாள் சாயங்காலம் பட்டறைக்குள் வந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நான் போகலைம்மா. எனக்குப் படகே பிடிக்காது. நாத்தமடிக்கும்" என்றாள்.

மருமகள் கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தாள். பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பொய்யை அவளும் ஒரு காலத்தில் சொல்லியிருப்பாள் போல. என் பக்கம் திரும்பி, "மாமா, நாளைக்கு நான் பட்டறைக்கு வரல. இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இவ அந்த முகாமுக்குப் போவா" என்றாள். கட்டளை மாதிரிதான் இருந்தது. நான் யாரிடமும் கட்டளை வாங்கிப் பழகாதவன். "நானும் வரேன்" என்றேன்.

குடும்பமே போனோம். குழந்தைகள் டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. அறையில் ஒரு கட்டில், எடை மெஷின், சுவரில் பல் தேய்க்கும் முயல். அந்த அம்மா எங்களை உட்காரவைத்துப் போலீஸ்காரர் மாதிரி கேள்வி கேட்டார். பகலில் ஈரமாகிறதா? நடுவில் சில மாதம் காய்ந்திருந்து மறுபடி ஆரம்பித்ததா, இல்லை முதலிலிருந்தே இப்படியா? அடங்காத தாகம் உண்டா, இளைக்கிறாளா? குறட்டை விடுகிறாளா?

"குறட்டை அவ அப்பன்தான்" என்றேன்.

"வெளிக்கு எப்படிப் போறா?"

அதற்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. டாக்டர் பிள்ளையைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ள கல்லா கட்டியிருக்கு. குடல் நிறைஞ்சிருந்தா பக்கத்துல இருக்குற சிறுநீர்ப்பைக்கு விரிய இடம் எங்க இருக்கு? முதல்ல இதைச் சரி பண்ணணும். தண்ணி குடிக்கிறாளா?"

என் வீட்டுக்காரி ஜன்னலைப் பார்த்தாள்.

"பகல்ல நல்லா குடிக்கணும். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பிரிச்சுப் பிரிச்சு. நேரத்துக்குப் போய்ட்டு வரணும், படுக்கும்போது ஒரு தடவை. தண்ணியை நிறுத்தினா பை இன்னும் சுருங்கத்தான் செய்யும்" என்றார். பிறகு, "வீட்டுல வேற யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார்.

மருமகள் தலையை நிமிர்த்தி, "எனக்கு இருந்தது டாக்டர்" என்றாள்.

கதவோரமாக நின்றிருந்த என் பையன் தொண்டையைக் கனைத்தான். "எனக்கும்" என்றான். "எட்டு வயசு வரைக்கும்."

நான் நாற்காலியோடு திரும்பினேன். என் வீட்டில், என் கூரைக்குக் கீழே, எனக்கே தெரியாது! என் வீட்டுக்காரி நான் கண் விழிப்பதற்கு முன்னே எழுந்து எல்லாவற்றையும் துவைத்துக் காயப் போட்டு மறைத்திருக்கிறாள். என் அக்கா இத்தனை நாள் ரத்தம் ரத்தம் என்று குத்திக்கொண்டிருந்தாளே, அது எங்கள் ரத்தமும்தான்.

"ஏண்டி சொல்லல?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பட்டறை நடுவுல நின்னு கத்தியிருப்பீங்க."

மெஷின் சத்தத்தில் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். வயதானவனுக்கு அந்த வசதி உண்டு.

"யாரும் கத்த வேண்டாம்" என்றார் டாக்டர். "இதுல சோம்பேறித்தனம், திமிரு எதுவும் கிடையாது. தூங்கும்போது நடக்குறதுக்கு யாரும் பொறுப்பு இல்ல. அடிச்சாலும் திட்டினாலும் அதிகம்தான் ஆகும். முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு மூணு காரணம் கலந்து இருக்கும். ராத்திரி சிறுநீர் அதிகமா ஊறும். பை கொஞ்சம்தான் பிடிக்கும். பை நிறைஞ்சிடுச்சுன்னு மூளைக்குச் செய்தி போனாலும் மூளை எழுந்திருக்காது."

"மூளையை எழுப்ப முடியாதா?" என்றாள் மருமகள்.

"அதுக்குத்தான் அலாரம்." டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளாடையில் மாட்டுகிற சின்ன க்ளிப். சட்டைத் தோளில் குத்துகிற தீப்பெட்டி அளவு பெட்டி. "ஒரு சொட்டு பட்டாலே கத்தும். பாப்பா எழுந்து, அடக்கிக்கிட்டு, போய் மீதியை முடிச்சுட்டு வரணும். முதல்ல எல்லாம் நனைஞ்ச பிறகுதான் எழுவா. அப்புறம் பாதியில. அப்புறம் அது கத்துறதுக்கு முன்னாடியே எழுவா, இல்லைன்னா விடியுற வரைக்கும் அடக்கிப்பா. ரெண்டு மூணு மாசம் ஆகும். ஆனா அப்படிக் கத்துக்கிட்டா பெரும்பாலும் நிலைக்கும்."

மருமகள் தலையாட்டினாள். "பிரஸ்ஸுக்குள்ள கை போனா மெஷின் நிக்குற மாதிரி. தப்பு நடக்குற அதே நிமிஷம் நிறுத்தினாத்தான் பழகும்."

"அதேதான்!"

"எதுக்கு டாக்டர் இந்தப் பெட்டி? நானே எழுந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வரேன்" என்றேன்.

"நீங்க எழுப்பினா எழுந்துக்கக் கத்துக்கறது நீங்கதான் ஐயா. பாப்பா இல்ல. துணி வேணா காஞ்சிருக்கும்."

படித்தவர்களிடம் நான் சும்மா இருப்பது அபூர்வம். இருந்தேன்.

மாத்திரையைப் பற்றியும் சொன்னார். இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்க உடம்பே ஒன்றைச் சுரக்குமாம். சில பிள்ளைகளுக்கு அது போதாது. மாத்திரை அந்த வேலையைச் செய்யும். போட்ட அன்றைக்கே பலன் தெரியலாம். நிறுத்தினால் பழையபடி திரும்பவும் கூடும். "அவசரத்துக்கு, வெளியூர்ல தங்குறதுக்கு நல்லது. ஆனா ஒண்ணு. மாத்திரை போடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியிலேருந்து காலை வரைக்கும் ஒரு மடக்குக்கு மேல தண்ணி கூடாது. உடம்புல தண்ணி தங்கிட்டா வலிப்பு வரைக்கும் போகும். காய்ச்சல், வாந்தி, பேதின்னா அன்னைக்கு மாத்திரையே கிடையாது." பகலிலும் அவசரமாக ஓடுகிற பிள்ளைகளுக்குப் பையைத் தளர்த்துகிற மாத்திரை வேறு உண்டாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை ஒன்றையும் இதற்குக் கொடுப்பார்களாம். அளவு மீறினால் இதயத்தைப் பிடித்துவிடும் என்பதால் அது கடைசி வழி, அதுவும் டாக்டர் கண்ணெதிரில்தான். எதுவும் கடையில் போய் நாமே வாங்குகிற சமாசாரம் இல்லை என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

சிறுநீரைச் சோதித்தார்கள், சர்க்கரை இல்லை, கிருமி இல்லை. வயிறு இளக மருந்து கொடுத்தார்கள். வயிறு இளகியதும் அலாரம் வாங்கினோம். பேத்தி அதற்குச் 'சண்டைக்கோழி' என்று பெயர் வைத்தாள்.

சண்டைக்கோழி கத்தவே இல்லை. முதல் வாரம் முழுக்கக் காலையில் படுக்கை ஈரம்; ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். "ஏமாத்துறதுக்கு நாங்கதான் கிடைச்சோமா? ஊமைப் பெட்டியை வித்திருக்கீங்க" என்று கத்தினேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் விரலை நனைத்து க்ளிப்பில் வைத்தார். அது போட்ட கூச்சலில் தெருவில் போன சைக்கிள்காரன் ஒருவன் இறங்கி நின்றான்.

"ஐயா, உங்க வீடு எங்க இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"பட்டறைக்கு மாடி."

"ராத்திரியும் மெஷின் ஓடுதா?"

ஓடுகிறது. நான் பட்டறை வைத்த நாளிலிருந்து இரவு வேலை நின்றதில்லை. எட்டுப் பிரஸ்ஸும் டொம் டொம் என்று அடிக்கிற சத்தம்தான் எங்கள் தாலாட்டு. கரண்ட் போய் மெஷின் நின்றால்தான் குடும்பமே எழுந்து உட்காரும். என் பேத்தி பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்குகிறவள். அவளுக்கு இந்தக் கோழி எம்மாத்திரம்? கடைக்காரர் அதை விற்கும்போதே கேட்டிருக்க வேண்டாமா?

மருமகள் அன்று மாலையே வந்து நின்றாள். "மாமா, ராத்திரி ஷிப்டை நிறுத்தணும்."

"என்னது?"

"ரெண்டு மூணு மாசம். பகல் ஷிப்டை ஒரு மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு முடிக்கிறேன். ஆளுங்களுக்கு வேலை குறையாது. நான் பார்த்துக்கிறேன்."

"நான் சாகுற அன்னைக்கு நிறுத்து."

"அதுவரைக்கும் முகாம் காத்திருக்காது மாமா."

இந்தப் பதிலைச் சொல்ல இந்த வட்டாரத்தில் வேறு யாருக்குத் தைரியம் உண்டு? நிறுத்தினேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். எந்த வேலைநிறுத்தத்துக்கும் நிற்காத என் பட்டறை ஒரு பிள்ளையின் தூக்கத்துக்காக நின்றது. அந்த அமைதியில் முதல் சில நாள் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை, என் பையனின் குறட்டை இவ்வளவு பயங்கரம் என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆனால் கோழி கூவியது. மருமகள் உடனே எழுந்து போய், பிள்ளையைத் தூக்காமல், பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவளையே கோழியின் வாயை அடைக்க வைத்து நடக்க வைத்தாள். விளக்கு மங்கலாக எரிய வைத்திருந்தாள். திட்டு கிடையாது, பாராட்டும் அளவாக. நாள் போகப் போக ஈரத்தின் வட்டம் சிறியதாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் காய்ந்தது. பிறகு இரண்டு நாள் காய்ந்தது. பிறகு மறுபடி நனைந்தது. என் அக்கா வந்து உதட்டைச் சுழித்தாள். "உங்க தம்பி பையனும் எட்டு வயசு வரைக்கும் இதேதான்" என்று என் வீட்டுக்காரி சொன்னாள் பாருங்கள், அக்கா அன்று காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஆனால் முகாம் நெருங்கிவிட்டது. கோழி தன் வேலையை முடிக்க இன்னும் நாள் இருந்தது. அந்த ஐந்து நாளுக்கு மாத்திரை என்று டாக்டர் தீர்மானித்தார். வீட்டிலேயே முன்கூட்டிப் போட்டுப் பார்த்தோம், காய்ந்தது. மருமகள் நேர்மையானவள். வகுப்பு டீச்சரைத் தனியாகச் சந்தித்து, சாயங்காலம் மாத்திரை கொடுக்க வேண்டும், தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும் என்று விளக்கிச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த நேர்மைக்கு என்ன கிடைத்தது தெரியுமா?

பெற்றோர் கூட்டம். பள்ளியின் பெரிய கூடம். பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, மைக்கைப் பிடித்து, கொண்டு வர வேண்டியவை, வேண்டாதவை எல்லாம் சொல்லி முடித்து, குரலைத் தேனாக்கிக்கொண்டு சொன்னார்: "சில பிள்ளைங்களுக்கு ராத்திரிப் பழக்கம் இன்னும் சரியா வரல. அவங்க வீட்டுல இருக்குறது அவங்களுக்கே நல்லது. மத்தப் பிள்ளைங்களோட சுகாதாரமும் இருக்கு பாருங்க."

கூடத்தில் எல்லாத் தலைகளும் யார் யார் என்று திரும்பின. என் பக்கத்தில் மருமகள் எழுந்தாள்.

"என் பொண்ணைத்தான் சொல்றீங்க. நேராவே சொல்லிடுங்க டீச்சர். பாவம், எல்லாருக்கும் கழுத்து வலிக்குது."

பின்வரிசையில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

"இதுல பழக்கத்துக்கு வேலையே இல்ல" என்றாள். "தூக்கத்துல செய்தி மூளைக்கு எட்டல. வைத்தியம் நடக்குது. மாத்திரை இருக்கு. டாக்டர் போகலாம்னு சொல்லியாச்சு. நீங்க எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?"

பெரிய டீச்சருக்கு முகம் சிவந்தது. "சரிம்மா, இவ்வளவு ஆசைன்னா வரட்டும். ஆனா அவளுக்குன்னு தனியா ஒரு மெத்தை கொண்டு வரணும். முகாம் மெத்தையை நாங்க கெடுக்க முடியாது."

மெத்தை! எழுந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுத முடியாது, அச்சில் ஏறாது. மருமகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க மாமா." பல வருஷம் அச்சு முடுக்கிய விரல்கள்; உட்கார்ந்துவிட்டேன்.

"மெத்தை கொண்டு வரமாட்டா" என்றாள். சத்தம் போடவில்லை. "ஏழாவது படிக்கும்போது என்னை மெத்தையோட வீட்டுக்கு அனுப்பினாங்க. தலையில வச்சு நடந்தேன். அதோட என் படிப்பு போச்சு. என் பொண்ணு மத்தவங்க மாதிரி துணிப்பையோட போவா, துணிப்பையோட வருவா. உங்க மெத்தைதான் கவலைன்னா, எல்லா மெத்தைக்கும் தண்ணி இறங்காத விரிப்பு நான் தைச்சுத் தரேன். எல்லாத்துக்கும். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் கேட்டீங்கன்னா தரமாட்டேன்."

அப்போது முன்வரிசையில் ஒரு தகப்பன், "போடுங்க டீச்சர். என் பையன் மெத்தையிலயே உக்காந்து சாப்பிடுறவன், அவனுக்கு ரெண்டா போடுங்க" என்றான். சிரிப்பு கிளம்பியது. சிரிப்புக்கு நடுவில் வேண்டாம் என்று சொல்லப் பெரிய டீச்சரால் முடியவில்லை.

கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தபோது பார்த்தேன். ஒரு தாய் மருமகளை ஓரமாக இழுத்துக் காதில் ஏதோ கேட்டாள். அவள் போனதும் இன்னொருத்தி. பிறகு ஒரு தகப்பன், செருப்பு வார் மாட்டுவது போலக் குனிந்துகொண்டே, "அந்த டாக்டர் எங்கே பார்க்கிறாங்க?" என்று கேட்டான். உள்ளே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை! அத்தனை பேர் வீட்டிலும் ஈரம் இருக்கிறது, எழுந்து நின்றது இவள் ஒருத்தி. "உள்ள வாயில என்ன பூட்டா போட்டிருந்தீங்க?" என்று நான் வாசலில் கத்தினேன். மருமகள் என்னைத் தாண்டிப் போய் ஒவ்வொருவருக்கும் டாக்டரின் இடத்தையும் நேரத்தையும் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பொறுமை எனக்கு இந்தப் பிறவியில் வராது.

பட்டறைக்கு வருகிற தகரச் சுருளைச் சுற்றியிருக்கிற தடித்த பிளாஸ்டிக் தாள் எங்களிடம் மலைபோல் கிடக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, மேலே பருத்தித் துணி வைத்து, நாலு மூலையிலும் எலாஸ்டிக் கோத்துத் தைத்தார்கள். மருமகளும் பெட்டி அடுக்குகிற பெண்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்தார்கள். என் வீட்டுக்காரியும் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். யாரும் கேட்காமலே கொடுத்தாள் என்பதையும் எழுத வேண்டும். பேத்தி துணிப்பையோடு பஸ் ஏறினாள். மருமகள் முகாமுக்குக் கூடப் போகிற விளையாட்டு டீச்சரிடம் மாத்திரையை ஒப்படைத்து, மூன்று முறை சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

ஐந்து நாளும் பட்டறையில் ஒருவனும் அவளிடம் பேச முடியவில்லை. நல்ல மூடியை எல்லாம் கோணல் என்று தூக்கிப் போட்டாள்.

பேத்தி மூக்கு உரிந்து, கருத்து, செருப்பில் ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்து இறங்கினாள். "தாத்தா, எங்க படகு கவுந்துடுச்சு! நான்தான் கவுத்தேன்!"

"அது கிடக்கட்டும். ராத்திரி?"

"ஒரு நாள் மட்டும். டீச்சர் மாத்திரை கொடுக்க மறந்துட்டாங்க, நானும் ஞாபகப்படுத்தல. எழுந்து விரிப்பைத் துடைச்சுட்டுத் துணி மாத்திக்கிட்டேன்." பிறகு என் காதைப் பிடித்து இழுத்து, "பக்கத்து மெத்தைக்காரிக்கும் அன்னைக்கு ஈரம் தாத்தா. அவ அழுதா. நான் சும்மா இருடி, உன் மூளை தூங்குது அவ்வளவுதான்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறேன், யார் பிள்ளை என்று எழுதவில்லை.

பக்கத்தில் நின்ற மருமகள் காதிலும் அது விழுந்துவிட்டது. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

வந்த பிறகு மாத்திரையை நிறுத்தி மறுபடி சண்டைக்கோழிக்கே திரும்பினோம். டாக்டர் சொன்ன மாதிரி, விடாமல் இரண்டு வாரம் காய்ந்த பிறகுதான் அதைக் கழற்றினாள் மருமகள். நடுவில் ஒருமுறை வழுக்கியது, மறுபடி மாட்டினாள். இப்போது பெட்டிக்குள் தூங்குவது கோழிதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்கமாட்டேன். போன வாரம் பள்ளி ஆண்டு விழா. பெரிய டீச்சர் மேடையில் மாலை போட்ட விருந்தினருக்கு நடுவில் நின்று பேசுகிறார்: "எங்க பள்ளியில எந்தப் பிள்ளையையும் நாங்க ஒதுக்கறதில்ல. முகாம்ல எல்லா மெத்தைக்கும் விரிப்பு போட்டு, எந்தப் பிள்ளையும் கூச்சப்படாம பார்த்துக்கிட்டோம். எங்க பள்ளியோட யோசனை அது." விருந்தினர் கை தட்டினார். கூடமே தட்டியது. செருப்பு வார் மாட்டிய அந்தத் தகப்பனும் தட்டினான்!

நான் பற்களைக் கடித்தேன். "கேட்டியா? உன் தையலைத் தன் கணக்குல எழுதிக்கிறா! மேடை ஏறி மைக்கைப் பிடுங்கட்டுமா?"

மருமகள் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. "சொல்லிட்டுப் போகட்டும் மாமா. இத்தனை பேர் முன்னாடி மைக்குல சொல்லியாச்சு. இனிமே எந்தப் பிள்ளையையும் இதுக்காக வராதேன்னு அவங்களால சொல்ல முடியாது."

அவளுக்கு அது போதுமாம். எனக்குப் போதாது. பெருமையடிக்கிறவன் நான், ஆனால் இன்னொருவன் அடித்த மூடியை என்னுடையது என்று ஒருநாளும் விற்றதில்லை. அந்த யோசனை என் மருமகளுடையது. விரிப்பைத் தைத்த கை அவளுடையது. அதற்காக எழுந்து நின்ற கால்களும் அவளுடையவை.